காண்டைன் என்றொரு சொல்

எலிசபெத் ராணி ஆண்ட நாளில், சஃபோக் சீமையின் கம்பளி ஊர் ஒன்றில் ஜெர்விஸ் டாலி மணியடித்து அறிவிப்பு கூவும் வேலை பார்த்தான். சந்தையில் அவன் வாயைத் திறந்தால் கூடையில் கிடக்கும் வாத்துகள்கூட அடங்கிவிடும். அரசாணைகளில் அடிக்கடி வரும் ஒரு சொல்லின்மேல் அவனுக்குத் தனிப் பிரியம்: காண்டைன். "மீறுகிறவனுக்குக் காண்டைன் தண்டனை" என்று இழுத்துச் சொன்னால் வாய் நிறையும். பொருள்தான் தெரியாது. ஒருநாள் பாதிரியாரிடம் கேட்டேவிட்டான்.

"லத்தீன்லருந்து வந்தது, ஜெர்விஸ். முழுக்கத் தகுந்ததுன்னு அர்த்தம். செஞ்சதுக்கு ஏத்தது, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. படிச்சவங்க இன்னமும் பாராட்டுக்குக்கூடச் சொல்வாங்க. சட்டம் எழுதுறவங்கதான் அதைத் தண்டனையோட சேர்த்துக் கட்டிட்டாங்க."

"அப்ப நல்லவனுக்குச் சந்தையில ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லுங்க" என்று சிரித்தான் ஜெர்விஸ்.

அவன் தம்பி கிறிஸ்பின் வெளியூரில் தறி ஓட்டினான். வேலை நின்றுபோய்த் தெருவுக்கு வந்தவனை நாடோடி என்று பிடித்துச் சாட்டையால் அடித்தார்கள். பிறந்த ஊருக்குப் போய்ச் சேர் என்று கெடு எழுதிய சீட்டைக் கொடுத்து விரட்டினார்கள். வழியில் காய்ச்சல். ஒரு வைக்கோல் கொட்டகையில் சுருண்டு கிடந்துவிட்டு, எழுந்து நடந்து, சொந்த ஊர் எல்லையை மிதித்தபோது கெடு தாண்டியிருந்தது. காவலர் பிடித்துக்கொண்டார். மறுபடியும் சாட்டையடி என்றார்கள். நல்ல சட்டம்.

ஜெர்விஸ் நகரத் தலைவரிடம் ஓடினான். "ஐயா, அவன் உடம்புல உசிரே இல்ல. இன்னொரு அடி தாங்கமாட்டான். வீட்டுக்குத்தானே வந்தான்."

"உன் தம்பின்னு விட்டா ஊரு சும்மா இருக்குமா? போய் மணிய அடி. முடியலன்னா சொல்லு, வேற ஆளு இருக்கான்."

ஜெர்விஸ் மணியை எடுத்தான். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. அதற்காக அவனை நான் பழிக்கமாட்டேன், ஆனால் அவன் தன்னை மன்னிக்கவே இல்லை.

சாட்டையடிக்கென்று சந்தையில் நிறுத்திய வண்டியின் பின்னால் கைகள் கட்டப்பட்டு நின்றான் கிறிஸ்பின். ஜெர்விஸ் அவன் பக்கம் பார்க்காமல் தண்டனையைக் கூவத் தொடங்கினான். ஆனால் அந்தச் சொல் வந்ததும் பழகிய நாக்கு அதைக் கணீரென்று உருட்டிவிட்டது.

கிறிஸ்பின் தலையைத் திருப்பினான். "குரலு அப்படியே இருக்குண்ணே" என்றான்.

ஒரு வாரம் அண்ணன் வீட்டில் குப்புறப் படுத்துக் கிடந்து செத்தான்.

அவ்வூரில் இறந்தவர் பெயரைச் சொல்லி அடக்கத்துக்கு அழைப்பதும் மணிக்காரன் வேலைதான். "நீங்க போக வேணாங்க" என்று தடுத்தாள் மனைவி தாமசின்.

"அந்த வார்த்தைய ஒரே ஒரு தடவ அவனுக்கு நல்லதாச் சொல்லிட்டு வரேன்" என்று கிளம்பினான்.

சந்தையில் மணியடித்தான். "இந்த ஊர்ப் பிள்ளை கிறிஸ்பின் டாலிக்குக் காண்டைன் மரியாதை" என்று கூவினான்.

காண்டைன் காதில் விழுந்ததுமே முட்டை விற்பவள் பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னைக்கு யாருக்காம் அடி?"