ஒரு நாள் முந்திய பெருநாள்

ஃபிக்ரெத் அந்தப் பட்டறையில் வாய் திறந்து கேட்டு வாங்கிய ஒரே விடுப்பு அது. மனைவி செனாதா இறந்தபோதுகூட முதலாளி காலின்தான் "வீட்டுக்குப் போய்யா" என்று துரத்திவிட்டார், இவராகக் கேட்கவில்லை. இப்போது அறுபத்தொரு வயதில், விதைப்புக்காலம் நெருக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், புதன்கிழமை ஒரு நாள் வேண்டும் என்று போய் நின்றார்.

பெர்த் நகரத்திலிருந்து வெகு தூரம். சுற்றிலும் கோதுமை வயல், நடுவில் சின்ன ஊர். டிராக்டரும் விதைப்பு எந்திரமும் பழுது பார்க்க அங்கே ஒரே பட்டறை. அதில் அவர் பெயர் ஃப்ரெட். சேர்ந்த முதல் நாளே, "உன் பேரு வாய்ல நுழையல. ஃப்ரெட்டுன்னு வெச்சுக்கலாமா?" என்று காலின் கேட்க, இவர் அவசரமாகத் தலையாட்டினார். வருத்தமே இல்லை, நிம்மதிதான். போஸ்னியாவில் அவர் பிறந்த ஊரில், போர் நடந்தபோது, யார் முஸ்லிம் என்று பெயரைப் பார்த்துத்தான் பட்டியல் போட்டார்கள். பட்டியலில் இருந்த அண்ணன் வீடு திரும்பவில்லை. அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவருக்குப் பெயரைக் கழற்றி வைப்பது ஒன்றும் பெரிய காரியமாகத் தெரியவில்லை.

நீலக் கண், வெளுத்த முடி. ஒன்பது வருஷமாக யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நோன்பு மாதத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காராமலிருக்க வயிற்றில் அல்சர் என்று சொல்லிவைத்திருந்தார். தேநீர் நேரத்தில், கூட வேலை செய்யும் டாரன் தன் போனில் முஸ்லிம்களைப் பற்றி எதையாவது காட்டி, "இவனுங்கள எல்லாம் ஒரே கப்பல்ல ஏத்தி அனுப்பிவிடணும். என்ன ஃப்ரெட்டு, சரிதானே?" என்பான். சரிதான் என்று ஃபிக்ரெத் சொல்வார். ஏதோ ஒரு நாள் வாய் தவறிச் சொன்னதல்ல. ஒன்பது வருஷமாகச் சொன்னார். கோழைத்தனம்தான், அதற்கு வேறு பெயர் வைத்து என்ன பிரயோசனம்? அவருக்கே அது தெரியும்.

செனாதா இருந்தவரை நோன்புப் பெருநாள் வீட்டுக்குள்ளேயே நடந்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டு, அவள் செய்த பக்லாவா இனிப்பைத் தின்று, காபி குடித்து, மெல்பர்னில் இருக்கும் மகள் ஆஸ்ராவுடன் போனில் பேசிவிட்டுப் படுத்துவிடுவார்கள். அவள் போன பிறகு நான்கு பெருநாள் வந்தது. நான்கு தடவையும் அவர் வழக்கம்போல் பட்டறைக்குப் போய் எண்ணெய்க் கையோடு நின்றார். பெருநாள் தொழுகையை வீட்டில் தனியாகத் தொழுதுவிட முடியாது. அதற்கு வரிசையாக ஆட்கள் வேண்டும். தன்னை ஃபிக்ரெத் என்று கூப்பிடும் நாலு பேர் நடுவில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்ற ஆசை இந்த வருஷம் அவரைப் பாடாய்ப்படுத்தியது. தெற்கே மூன்று மணி நேரம் காரில் போனால் கட்டானிங். அங்கே மலாய்க்காரர்களின் பள்ளிவாசல் இருக்கிறது.

"எதுக்குய்யா லீவு?" என்றார் காலின்.

"எங்களுக்குப் பெருநாள். நான் முஸ்லிம்."

"நீயா? உன்னப் பாத்தா அப்படித் தெரியலயே!" என்றார் காலின்.

டாரன் எந்திரத்தின் அடியிலிருந்து தலையை நீட்டினான். "அதான் உன் அல்சர் வருஷத்துக்கு ஒரே ஒரு மாசம் வருதா? நானும் யோசிச்சேன்யா!"

சிரித்தான். ஆனால் அன்றிலிருந்து ஃபிக்ரெத் தேநீர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு அறுந்துபோகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதுக்கடைக்குப் போகும்போது, எலுமிச்சை சோடா குடிக்கிற அவரையும் கூடவே இழுத்துப் போவார்கள். அதுவும் நின்றது.

காலின் நல்ல மனிதர். நாள் மட்டும் கறாராகக் கேட்டார். "புதன்தானே? அப்புறம் மாத்திக் கேட்டா எனக்குக் கட்டுப்படியாகாது."

"மாறவே மாறாது. காலண்டர்லயே அச்சடிச்சிருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. போஸ்னியாக்காரர்கள் பெருநாளுக்கு வானத்தைப் பார்த்துக் காத்திருப்பதில்லை; கணக்குப் போட்டு வருஷ ஆரம்பத்திலேயே நாட்காட்டி அச்சடித்துவிடுவார்கள். ஆஸ்ரா அனுப்பிய அந்த நாட்காட்டி சமையலறைச் சுவரில் தொங்கியது. பிறையைக் கண்ணால் பார்த்த பிறகே நாள் குறிக்கும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள் என்பது அவருக்குக் கேள்வி ஞானமாகத் தெரியும்தான். கட்டானிங்காரர்கள் அப்படிப்பட்டவர்களா என்று ஒரு போன் போட்டு விசாரிக்கத் தோன்றவில்லை. விசாரிக்க அங்கே யாரையும் தெரியாது.

புதன் விடிவதற்கு முன்பே எழுந்து குளித்தார். பெருநாளில் நோன்பு கூடாது; மூன்று பேரீச்சம்பழம் தின்று காபி குடித்தார். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டார். ஏழு மணிக்குப் பள்ளிவாசல் வாசலில் காரை நிறுத்தினார். ஒரு கார்கூட இல்லை. நாம்தான் முந்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். ஏழரை ஆயிற்று, எட்டு ஆயிற்று. மெல்பர்னிலிருந்து ஆஸ்ரா பேரப்பிள்ளைகளின் புதுச்சட்டைப் படத்தை அனுப்பினாள். கதவு பூட்டியே இருந்தது.

எட்டேகாலுக்கு ஒரு நடுத்தர வயதுப் பெண் துடைப்பமும் வாளியுமாக வந்தாள். ரோஹாயா என்று பெயர் சொன்னாள். அவருடைய கோட்டையும் பளபளத்த காலணியையும் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அய்யோ பாக், பெருநாள் நாளைக்குத்தானே! நேத்து ஒரே மேகம், பிறை தெரியல. இன்னிக்கும் நோன்புதான்."

'பாக்' என்றால் அவர்கள் பேச்சில் அப்பா. வயதானவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எங்க காலண்டர்ல இன்னிக்குப் போட்டிருக்கேம்மா."

"எங்களுக்கு எல்லாம் போன்லயே சேதி வந்துடுச்சு. உங்களுக்கு வரலியா?"

எந்தக் கூட்டத்திலும் இல்லாதவருக்கு யார் சேதி அனுப்புவார்கள்? வாயில் காபி மணக்குமோ என்று கூசி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அதனால என்ன, பாக்? எங்க வீட்ல தங்குங்க. என் வீட்டுக்காரர் இருக்கார், பசங்க இருக்காங்க. நாளைக்குக் காலைல எட்டு மணிக்குத் தொழுகை, இந்த இடம் கொள்ளாது. எல்லார்கிட்டயும் உங்கள அறிமுகப்படுத்தி வைக்கிறேன். பேரு என்ன?"

"ஃபிக்ரெத்."

"ஃபிக்ரெத்" என்று ஒரே தடவையில் சரியாகச் சொன்னாள்.

ஒரு போன் போட்டால் போதும். காருக்குள் உட்கார்ந்து காலினின் எண்ணை எடுத்தார். என்ன சொல்வது? எங்கள் பண்டிகை இன்றைக்கு இல்லையாம், நாளைக்காம் என்றா? டாரனின் குரல் இப்போதே கேட்டது: "அவங்க சாமிக்கே தேதி தெரியலயாம்!" இத்தனை வருஷம் கழித்து, நான் இன்னார் என்று ஒரு தடவை நிமிர்ந்து சொன்னதும் கேலிக்கூத்தாகிவிடும். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேலை இருக்கிறது என்று ரோஹாயாவிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

வழியில் பெட்ரோல் பங்கில் ஒரு சாண்ட்விச் வாங்கினார். மெல்பர்னில் பெருநாள், இங்கே நோன்பு. தின்றால் பண்டிகைச் சாப்பாடா, பாவமா என்று அவருக்கே தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. சாலையோரம் நின்றபடியே தின்று முடித்தார்.

மறுநாள் எட்டு மணிக்குப் பட்டறையில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். டாரன் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தான். ஒன்றை அவர் பக்கம் நீட்டினான்.

"அப்புறம், எப்படிப் போச்சு உங்க கிறிஸ்துமஸ்?"

"நல்லாப் போச்சு."

"கூட்டமா?"

"நல்ல கூட்டம். எடமே இல்ல."

"எல்லாரும் தெரிஞ்சவங்கதானா?"

"எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க" என்றார் ஃபிக்ரெத். சரளமாக வந்தது. பட்டறையில் யாரும் அவரிடம் இத்தனை கேள்வி கேட்டதே இல்லை.

"பாரேன்" என்றான் டாரன், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. "அடுத்த வருஷம் எங்களுக்கும் சாப்பாடு கொண்டு வாய்யா."

காலின் அலுவலக அறையிலிருந்து வெளியே வந்தார். "பெர்த்துலேருந்து பார்ட்ஸ் இன்னிக்கும் வரல. மூணு பேரும் சும்மாதான் உக்காரணும். நீ ஏன்யா இவ்வளவு அவசரமா ஓடி வந்த? நேத்து ஒரு போன் போட்டிருந்தா, இன்னிக்கும் அங்கயே உங்க ஜனங்களோட இருந்துட்டு வான்னு சொல்லியிருப்பேனே."

சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஐந்து. கட்டானிங்கில் தொழுகைக்கு வரிசை நின்றிருக்கும்.

"பரவால்ல காலின்" என்றார் ஃபிக்ரெத். "ஒரு நாள் போதும்."