ஊறுகாய் போட்ட குளியல் தொட்டி

வேலணையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மேல்வீட்டில் ஒரு குளியல் தொட்டி இருக்கிறது. வீட்டுக்கார அன்ரி வெளிநாட்டிலிருந்து காசனுப்பி வீடு கட்டிய காலத்தில், கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையில் கண்டு ஆசைப்பட்டு வாங்கியது. உள்ளே வார்ப்பிரும்பு, மேலே வெள்ளை எனாமல்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புச் சவர். நல்ல தண்ணீர் கிழமைக்கு இரண்டு தரம் பவுசர் வண்டியில் வரும். அப்படியான இடத்தில் படுத்துக் குளிக்க யாருக்கு மனம் வரும்? வந்த முதல் கிழமையே அடைப்பானைப் போட்டு, தொட்டியைத் தண்ணீர் பிடித்து வைக்கும் தாங்கியாக்கிவிட்டோம். மகள் பிறந்த பிறகு, தேங்கி நிற்கும் தண்ணீரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவளுடைய துணி அலசுவதும் அந்தத் தண்ணீரில்தானே. அதனால், ஊரில் எல்லோரும் கிணற்றுக்குப் போடுவதுபோல, கிழமைக்கு ஒரு கரண்டி குளோரின் தூளைத் தொட்டிக்குள் போட்டுவந்தேன். நான் பத்தாம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. இதை இங்கேயே சொல்லிவைப்பது நல்லது.

ஒரு புதன்கிழமை அன்ரியின் அழைப்பு வந்தது. ஊருக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் தங்கை வீட்டில் நிற்பதாகச் சொன்னார்.

"சனிக்கிழமை வந்து வீட்டைப் பாக்கிறன் பிள்ளை. அடுத்த வருஷத்துக்கு என்ன செய்யிறதெண்டு நேரிலை கதைப்பம்."

'என்ன செய்யிறதெண்டு' என்ற சொல் எனக்குள் போய் இருந்துகொண்டது. பிரசவ விடுமுறை முடிய ஒரு கிழமைதான் இருந்தது. பள்ளிக்கூடம் நாலு நிமிட நடை. மகளைக் கீழ்வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார், இடைவேளைக்கு நான் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவேன். என் திட்டம் முழுவதும் இந்த வீட்டை நம்பித்தான். அக்கம்பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் குறைவில்லை. திறப்புகள்தான் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கின்றன. வீடு கைவிட்டுப் போனால் நான் வேலைக்குத் திரும்புவதும் நடவாது. எப்போது திரும்பி வருவேன் என்று பள்ளிக்கூட அதிபர் கேட்டிருந்தார். இன்னும் பதில் சொல்லாமல் இருந்தேன்.

வியாழக்கிழமை காலை தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக அள்ளி வாழைக்கு ஊற்றினேன். வெறுந்தொட்டியைக் குனிந்து பார்த்தேன். தண்ணீர் மட்டம் நின்ற இடத்தில் சுண்ணாம்பு தடித்து ஒரு வளையம். குழாய்க்கு நேர் கீழே, தேயிலைச் சாயம்போல ஒரு நீண்ட மண்ணிறக் கறை. யோசிக்காமல் கைக்கு வந்த குளோரின் தூளைக் குழைத்து அந்தக் கறைமேல் தடித்துப் பூசினேன். மத்தியானம் கழுவிப் பார்த்தால், தேயிலை கோப்பியாகியிருந்தது.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. பழைய இரும்புக் குழாயிலிருந்து வரும் இரும்பு. குளோரின் அதை வெளுக்காது, துருவாக்கி இன்னும் இறுக்கிவிடும். பரீட்சைத் தாளில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் சிவப்புப் பேனையால் வெட்டியிருப்பேன். ஆறு மாதமாக நானே கரண்டி கரண்டியாக அந்தக் கறையை வளர்த்திருக்கிறேன்.

பின்னேரம் வேலையால் வந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

"பழைய தொட்டிதானே. நீர் ஏன் இப்பிடிப் பதகளிக்கிறீர்?"

"உங்களுக்கென்ன. வீட்டை விடச் சொன்னா நீங்களே பள்ளிக்கூடம் போறது?"

அவர் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

துருவும் சுண்ணாம்பும் அமிலத்துக்குத்தான் மசியும். ஆனால் குளோரின் மிச்சமிருக்கும் இடத்தில் அமிலம் பட்டால் நச்சு வாயு கிளம்பும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நாலு தரம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். தொட்டியைப் பன்னிரண்டு வாளித் தண்ணீரால் கழுவினேன். போதுமா என்று நினைத்து இன்னும் மூன்று வாளி. யன்னலைத் திறந்துவிட்டு, இரவு முழுதும் அதைத் தொடாமல் விட்டேன்.

வெள்ளி காலை மகளைக் கீழே கொடுத்துவிட்டு, கணவரின் கிழிந்த வேட்டியைத் துண்டு துண்டாக்கி, வினாகிரியில் நனைத்துக் கறைமேல் ஒட்டினேன். வளையத்துக்குச் சாறு வழியும் பாதித் தேசிக்காய்களை உப்புத் தொட்டுத் தேய்த்தேன். கீழ்வீட்டு அக்கா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய மனுசன் கடலுக்குப் போகிறவர். அக்காவின் வாய்க்கு வலை போட ஆளில்லை.

"என்ன ரீச்சர், தொட்டிக்கு ஊறுகாய் போடுறீரோ?"

"போங்கோ அக்கா, எனக்கு இஞ்சை உயிர் போகுது."

"மிளகாய்த் தூளும் கொஞ்சம் போடும். அன்ரி சோத்தோடை சாப்பிடட்டும்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அமிலம் கூடினால் எனாமலின் மினுக்கம் போய்விடும் என்பதால் அரை மணிக்கொரு தரம் துணியை விலக்கிப் பார்த்தேன். கம்பித் தும்பால் உரஞ்சக் கை துடித்தது. கீறல் விழும் என்று தேங்காய்ப் பொச்சுமட்டையோடு நிறுத்திக்கொண்டேன். மூன்றாம் தரம் துணியை எடுத்தபோது மண்ணிறம் துணியில் இருந்தது. பின்னேரம் ஆகும்போது தொட்டி வெள்ளையாகிவிட்டது, விளிம்பில் நகமளவு ஓர் இடத்தைத் தவிர. அங்கே எனாமலே தெறித்திருந்தது. எங்கள் இரும்பு வாளி பட்ட இடம்.

சனிக்கிழமை அன்ரி நேரே குளியலறைக்குத்தான் போனார். குனிந்து பார்த்தார், கையால் தடவினார். விரல் விளிம்பில் அந்த இடத்தில் நின்றது. எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"அன்ரி, இதுக்குள்ளை தண்ணி பிடிச்சு வைச்சனாங்கள். கறை என்னாலை வந்தது. கழுவிப்போட்டன். ஆனா இந்தக் காயம் எங்கடை வாளி பட்டது. அது போகாது."

அன்ரி நிமிர்ந்தார். "தொட்டி பழுதாப் போச்செண்டு ஆரோ எனக்குச் சொன்னவை. பிடுங்கி எறிஞ்சுபோட்டுக் குளியலறையை முழுக்கத் திருத்துவமெண்டு மேசனோடையும் கதைச்சுப்போட்டன். ரெண்டு மாதத்துக்கு உங்களை வீட்டாலை எழும்பச் சொல்லத்தான் வந்தனான்."

அன்ரி திரும்பவும் விளிம்பைத் தடவினார்.

"இப்ப பாத்தா பிடுங்க மனம் வருதில்லை," என்றார். "பதினைஞ்சு வருஷத்துக்கு முந்தி வாங்கேக்கை இப்பிடித்தான் இருந்தது. இனி இதுக்குள்ளை வாளி போடாதையும். தண்ணிக்கு ஒரு பெரிய பிளாஸ்ரிக் பரல் வாங்கி வையும். மற்றும்படி நீங்கள் இருங்கோ."

"எவ்வளவு காலத்துக்கு அன்ரி?" பிழையான கேள்வியோ என்று கேட்ட பிறகுதான் யோசித்தேன்.

"உமக்குப் பிள்ளை வளருமட்டும் இரும். என்னை அந்த மேசன்தான் ஏசப்போறான்."

அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனதும், கணவர் பரல் வாங்கச் சைக்கிளை எடுத்தார். சைக்கிளில் பரலை எப்படிக் கொண்டுவருவாரோ, நான் கேட்கவில்லை. மகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அதிபருக்கு அழைப்பு எடுத்தேன்.

"சேர், நான் புதன்கிழமை வாறன்," என்றேன். "நேரசூசியிலை இடைவேளைக்குப் பிறகு வாற பாடத்தை மட்டும் எனக்குப் போடாதேங்கோ."