ஐடா தன்னுடையது என்ற தீக்குச்சி

எங்கள் பக்கத்து வீட்டு ஐடாவை இந்த ஊர் ‘தீக்குச்சிக்காரி’ என்றுதான் அறியும். இந்த ஊரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

முதல் உலகப் போரில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் பக்கத்து ஆலையில் ஐடாவும் அவள் தோழி டோராவும் குண்டுக்கு மருந்து அடைத்தார்கள். முகம், கை, முடி எல்லாம் மஞ்சளாகிவிடும் வேலை. ஒரு பொறி பட்டாலே எல்லாம் வெடித்துவிடும் என்று கொட்டகைக்குள் கொண்டை ஊசிகூடக் கூடாது. கல்யாண மோதிரத்தைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதன்மேல் நூல் சுற்றிக்கொள்ள வேண்டும். தீக்குச்சி அகப்பட்டால் ஜெயில்தான்.

ஒருநாள் உடை மாற்றும் அறையில், டோராவின் தொப்பியிலிருந்து ஒரு தீக்குச்சி விழுந்தது. துவைத்து அடுப்பருகே காயப்போட்டபோது சிக்கியிருக்க வேண்டும். சோதனைக்காரி திரும்பினாள்.

“யாருதுடி இது?”

டோராவுக்குக் கைக்குழந்தை, புருஷன் போர்முனையில். ஐடா தனிக்கட்டை.

“என்னுதுங்க,” என்றாள் ஐடா.

ஐடாவைக் கூட்டிப்போகும்போது டோரா அவள் காதில் சொன்னாள்: “சண்டை முடியட்டும்டி. ஊரக் கூட்டி நானே உண்மையச் சொல்றேன். எம்புள்ள மேல சத்தியம்.”

ஜெயிலிலிருந்து வந்தவளை எந்த ஆலையும் சேர்க்கவில்லை. சர்ச்சில் பக்கத்தில் உட்கார ஆளில்லை. ஊரார் அழுக்குத்துணியை வெளுத்து வயிற்றைக் கழுவினாள். சண்டை முடிந்தது. “புள்ள பெருசாகட்டும்டி,” என்றாள் டோரா. பிறகு, “அவன் கல்யாணம் முடியட்டும்.” அதற்கும் பிறகு, ஐடாவைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தாள்.

சண்டை முடிந்து ஐம்பது வருடம் கழித்து, போன வருடம்தான், ஆலை இருந்த இடத்தில் அங்கே வேலை பார்த்த பெண்களுக்கு நினைவுக்கல் வைத்தார்கள். பேச்சாளர் டோரா. ஐடா இருப்பதில் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டாள்.

“இன்னிக்குச் சொல்லிருவா பாரு,” என்றாள் என்னிடம். “கிழவியாயிட்டா. இனிமே யாருக்குப் பயப்படணும்?”

முன்வரிசையில் உட்கார்ந்தோம். டோரா ஐடாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

“எங்ககூட ஒருத்தி தீக்குச்சியோட வந்தா. நான்தான் பாத்துப் புடிச்சுக் குடுத்தேன். இல்லேன்னா எல்லாரும் அன்னிக்கே சாம்பல்.”

கூட்டம் கைதட்டியது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஐடா மெல்ல எழுந்தாள்.

“அது உன்னோட குச்சி, டோரா,” என்றாள். “உனக்காகத்தானே நான் போனேன்.”

டோரா தண்ணீர் குடித்தாள். எங்களுக்குப் பின்னால் இருந்த பழைய ஆலைக்காரி ஒருத்தி ஐடாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருடி. ‘என்னுது’ன்னு உன் வாயாலதான சொன்ன? நானும் அங்கதான் நின்னேன்.”