மூடிக்குள் வைத்த பொட்டு

"...பழசாப் போனதுனால இல்ல டாக்டர், என் தப்புதான். மூடிக்கு உள்பக்கம் துடைக்காம மாட்டிட்டேன்" என்றார் மாமா. பிரிக்பீல்ட்ஸில் டாக்டர் வீட்டு வாசலில், பச்சைக் காரின் பானெட்டுக்குள் குனிந்தபடியே சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு ஒன்பது வயது. அது மாமாவின் தப்பே இல்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எழுபதுகளின் கடைசியில் செந்தூல் ஃபிளாட்டில் எங்களோடுதான் இருந்தார். நல்ல மெக்கானிக், வாய்தான் சும்மா இருக்காது. சரி பண்ணக்கூடிய சாமானை ஏன் தூக்கிப் போடுகிறீர்கள் என்று முதலாளிகளிடமே கேட்டு, மூன்று பட்டறைகளிலிருந்து வெளியே வந்தவர். பிடுங்கிப் பிடுங்கி நட்ட செடி என்றைக்குக் காய்த்தது என்று அம்மா சோற்றோடு சேர்த்து ஒரு கரண்டி அதையும் தினமும் பரிமாறுவார்.

அந்த நேரத்தில்தான் டாக்டரின் கார் வந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பம் அவருடையது. இளமையில் வாங்கிய கார். இரண்டு பேர்தான் உட்காரலாம், கூரையை மடக்கி வைக்கலாம். அதற்கு இரண்டு கார்புரேட்டர்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு ஊட்டுகிற அந்த இரண்டுமே ஒழுகின. சப்பான் கார்புரேட்டர் ஒன்றை மாட்டிவிடலாம் என்றுதான் எல்லா மெக்கானிக்குகளும் சொன்னார்களாம். மாமா மட்டும் காரோடு பிறந்ததையே ஓட வைக்கிறேன் என்றார். ஓடினால், வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் கொட்டகையில் அவர் சொந்தமாகப் பட்டறை வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் வாக்குக் கொடுத்தார். ஓடாவிட்டால் அடுத்த வாரமே சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலை வேலை. அம்மா அங்கே ஆளைப் பார்த்துச் சொல்லியும் வைத்துவிட்டார்.

மூன்று வாரம் எங்கள் சமையலறை மண்ணெண்ணெய் வாசம்தான். பழைய பல் துலக்கியால் மாமா ஒவ்வொரு துளையையும் தேய்த்தார். தேய்ந்துபோன இடத்துக்கு, செந்தூல் ரயில் பட்டறையிலிருந்த நண்பர் பித்தளையில் புதுப் பாகம் கடைந்து கொடுத்தார். அப்பா சாப்பிட்டுக்கொண்டே, ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி என்பார். அதற்கு மாமா, "பொறந்த மூக்கு இருக்கறப்ப அடுத்தவன் மூக்கை ஒட்ட வச்சா மூச்சு வருமா மச்சான்?" என்பார். அப்பாவுக்குப் புரையேறும்.

எனக்கு மாமா எல்லாவற்றையும் காட்டுவார். கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு மூடி. அதற்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். இரண்டுக்கும் நடுவில் தலைமுடி நுழைய இடமிருக்காது. "கார் மூச்சு விடறது இங்கதான்" என்றார். அதை நான் மறக்கவில்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

ஆயுத பூசை அன்று, மாமாவின் ஸ்பேனர்களும் கழற்றி வைத்த கார்புரேட்டர்களும் தாம்பாளத்தில் சாமி மேடைக்கு ஏறின. சந்தனமும் குங்குமமும் வைக்கும் வேலை என்னுடையது. ஒன்றையும் விட்டுவிடாதே என்று அம்மா சொல்லியிருந்தார். நான் விடவில்லை. மேலே வைத்த பொட்டையெல்லாம் மாமா காலையில் துடைத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். சாமி காரோடு போக வேண்டாமா? அதனால் ஒரு மூடியைக் கவிழ்த்து, மூச்சு விடுகிற இடத்தில், உள்சுவரில், கெட்டியாகச் சந்தனம் அப்பி அதன்மேல் குங்குமம் வைத்தேன். எவ்வளவு புத்திசாலி நான் என்று எனக்கே பெருமை.

மறுநாள் விஜயதசமி. எட்டரைக்குள் நல்ல நேரம், கிளம்புடா கிளம்புடா என்று அம்மா துரத்தியதில், மாமா வெளியே இருந்த பொட்டுகளைத் துடைத்து அவசரமாகப் பூட்டினார். கார்புரேட்டர்களைப் பிஸ்கட் டின்னில் வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு, அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

மாமா அவற்றைக் காரில் மாட்டி முடுக்கினார். கார் உறுமியது. இருமியது. நின்றது. மூன்று தடவையும் அதே கதை.

டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். "பழசுதானே தம்பி, தேஞ்சு போயிருக்கும். விடுங்கோ" என்றார். மாமாவின் முகம் அப்படி வாடி அதற்குமுன் நான் பார்த்ததில்லை. ஆமாம், பழசுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கௌரவமாக வீடு திரும்பியிருக்கலாம். ஆனால் அவர் இரண்டு பிஸ்டன்களையும் விரலால் தூக்கி விட்டுப் பார்த்தார். ஒன்று 'டக்'கென்று விழுந்தது. இன்னொன்று பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. அந்த மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். என்ன என்று டாக்டர் கேட்டதற்குத்தான் 'என் தப்புதான்' என்ற அந்தப் பதிலைச் சொன்னார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "தன்ர பிழையைத் தானே சொல்லுற மெக்கானிக்கை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார்.

திரும்பப் பூட்டியதும் கார் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்து இருக்கையில் நெருக்கி உட்கார வைத்து, கூரையை மடக்கி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இறங்கியதும் கொட்டகைச் சாவி மாமாவின் கைக்கு வந்தது. சுங்கை வே பக்கம் அவர் போகவே இல்லை. கார் ஓடியதற்காகத்தான் சாவி கிடைத்தது என்றே நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன்.

இன்னொன்றையும் எண்ணியிருந்தேன். சாமி புண்ணியத்தில் நான் தப்பித்தேன், பொட்டு வைத்தது யார் என்று யோசிக்க மாமாவுக்கு நேரமில்லை என்று. ஆனால் என் தப்புதான் என்று டாக்டரிடம் சொன்ன கையோடு மாமா என்ன செய்தார் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பெட்ரோல் நனைத்த துணியால் மூடியின் உள்பக்கத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, டாக்டருக்கு மறைவாக என் வலது கையைப் பிடித்து, மோதிர விரலில் ஒட்டியிருந்த குங்குமச் சிவப்பையும் துடைத்துவிட்டார்.