அழுத்தின பிறகு ஒரு தட்டு

ரெண்டு கிழமையா வீட்டில இருக்கிற லீவர் கோப்பி மெஷினோட மல்லுக்கட்டுறன்.

லீவரை இழுத்தால் ஒரு பக்கத்தால வெளிறின தண்ணி பீச்சியடிக்குது. மற்றப் பக்கம் சொட்டவே மாட்டன் எண்டு நிக்குது. கோப்பி ஒரே வாயில புளிக்குது, கைக்குது.

கொட்டையை மாத்தினன். அரைக்கிற பதத்தை மாத்தினன். வெள்ளவத்தை உப்புக்காத்தில தூள் ஈரிச்சுப் போச்செண்டு கடலையும் திட்டினன்.

இண்டைக்குக் காலமை குசினி வாசல்ல நிண்டு பாத்த மனிசி கேட்டா, "தூளை அந்தச் சல்லடைக் கிண்ணத்தில நல்லா அழுத்தினாப் பிறகு ஏன் அதின்ட கைபிடியில தட்டுறீங்கள்?"

"விளிம்பில ஒட்டினது விழத்தான்."

பால்மா போட்டாலும் கரண்டியை டின்னில ஒருக்காத் தட்டாமல் மூடத் தெரியாத ஆள் நான்.

"இறுகினதைத் தட்டினா வெடிக்காதே? அந்த வெடிப்புக்குள்ளாலதான் தண்ணி ஓடுது."

தட்டாமல் இழுத்தன். நடுவால ஒரே நூலாத் தேன் மாதிரி இறங்கிச்சுது.

அந்தச் சந்தோசத்தில மெல்லமாச் சொன்னன், "மகளிட்ட அந்தக் கண்டி வேலை நிச்சயந்தானோ எண்டு இன்னொருக்காக் கேப்பமே?"

நேற்றுப் பின்னேரம் மூண்டு பேரும் இருந்து கதைச்சு, அவ போறதுக்கு நானே வாயால ஓம் எண்டு சொல்லி முடிச்ச விசயம் அது.

மனிசி என்ட கையிலயிருந்த கோப்பையைப் பாத்தா. "திரும்பத் தட்டுறீங்கள்."

கோப்பி அருமையா இருந்தது. மகள் எழும்பி வந்து என்னைத் தாண்டிப் போனா, நான் ஒண்டும் கேக்கேல்லை. மெஷினைத் திருத்தினது லேசு.

இஞ்ச வேற ஆராவது தட்டுற ஆக்கள் இருக்கிறீங்களோ?