கொண்டை போட்ட இளவரசனும் பார்க்கிங் அண்ணையும்

என் மச்சாளுக்கு முழங்கால் மாற்றிய அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டு ரீவி சீனாவுக்குக் குடிபெயர்ந்தது. மச்சாள் என் கணவரின் அக்கா. பக்கத்து ஊரான விட்பியில் மகளோடு இருப்பவர். அந்த வீட்டில் படுக்கையறை எல்லாம் மேல்மாடியில். ஸ்ரௌவ்வில்லில் எங்கள் வீட்டில் கீழேயும் ஓர் அறை இருந்ததால், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்களிடம் வந்து, சோபாவில் காலை நீட்டி, ரிமோட்டைக் கையில் எடுத்தார். பனி கரையும்வரை அது வேறொருவர் கைக்கும் போகவில்லை.

அவர் பார்த்ததெல்லாம் தமிழில் குரல் கொடுத்த சீனச் சரித்திர நாடகங்கள். பேரரசர் வாயை மூடிய பிறகும் அவருடைய செந்தமிழ் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் வேலை. வேலை முடிந்து, சமைத்து, சோற்றுக் கோப்பையோடு மச்சாளுக்குப் பக்கத்தில் போய் உட்காருவேன். ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. ஆற அமர இருந்து திட்டுவதற்கு ஒரு நாடகம் வாய்ப்பது லேசான காரியமா?

அந்த மாதங்களில் ஓடியது ஒரு கெட்டிக்காரியின் கதை. அரண்மனைக் கல்விச்சாலைக்குப் போகவேண்டிய தம்பி நோயில் விழ, அவனுடைய உடுப்பைப் போட்டுக்கொண்டு அக்கா போகிறாள். மாறுவேடம் என்றால் மாறுவேடம்: தலைமயிரை உச்சியில் ஒரு கொண்டையாக முடிகிறாள், அவ்வளவுதான். உதட்டுச் சாயம் அப்படியே இருக்கிறது. காதில் தோடு போட்ட ஓட்டை இருக்கிறது. கண்மடல் மயிர் விளக்குமாறு மாதிரி. குரல் கொடுத்த சென்னைப் பெண்ணும் தன் தேன்குரலில் ஒரு சொட்டையும் குறைத்துக்கொள்ளவில்லை. இருந்தும் அரண்மனையில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இளவரசன் தேநீரை முகர்ந்தே அது எந்த மலையில் விளைந்தது என்று சொல்லிவிடுவான். குளம்படியைக் கேட்டு எந்த நாட்டுக் குதிரை என்பான். பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவள் பெண் என்பது மட்டும் அந்த மகா மூளைக்கு எட்டவில்லை.

உந்த ஆம்பிளைகளுக்குக் கண் தெரியாதோ என்று நான் கேட்டேன். கதையைக் குழப்பாமல் பாரும் என்றார் மச்சாள்.

மற்றப் பெண்களையும் பார்த்துத்தான் தீர்த்தோம். அந்த அரண்மனையில் ஒரு பெண்ணுக்கு மூளை இருந்தால் அவள் கெட்டவள். நகத்தில் மாட்டியிருக்கும் நீளமான தங்க உறையைப் பார்த்தே அதைச் சொல்லிவிடலாம். நல்லவளுக்கு வேலை அழுவது. அவளுடைய தோழிப்பெண் விசுவாசமானவள், ஆகவே விரைவில் செத்துப்போவாள். எல்லோருக்கும் மேலே, செபமாலை உருட்டிக்கொண்டு ஒரு மாமியார். ஆண்களுக்கு இவ்வளவு சிரமம் இல்லை. முகத்தை உம்மென்று வைத்திருந்தால் கதாநாயகன், சிரித்து அன்பாகப் பேசினால் பெண் கிடைக்காத இரண்டாவது நாயகன்.

நாயகி ஆணாக இருந்தவரை எனக்கு அவளைப் பிடித்திருந்தது. வெள்ளம் உடைத்த அணையை எப்படித் திருத்துவது என்று தளபதிகளுக்கு வரைந்து காட்டினாள், அவர்களும் கைகட்டிக் கேட்டார்கள். பிறகு ஒரு நாள் ஆற்றில் விழுந்தாள், கொண்டை அவிழ்ந்தது, மயிர் ஆறுதலாக, மிக மிக மெதுவாகக் காற்றில் விரிந்தது. நீ பெண்ணா என்று இளவரசன் திகைத்தான். அதற்குப் பிறகு அவளால் ஒரு வாசற்படியைக்கூட விழாமல் தாண்ட முடியவில்லை. விழுந்த இடத்தில் எல்லாம் அவன் கை இருந்தது. அடுத்த பகுதிகளில் அவள் சூப் காய்ச்சினாள். அணை என்ன ஆயிற்று என்று கேட்பாரில்லை.

கொண்டையோடு மூளையும் அவிழ்ந்துபோச்சுதோ என்று நான் புறுபுறுத்தேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் பல வருடம் வேலை செய்த மச்சாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "கலியாணம் கட்டினாப் பிறகு அணை கட்ட ஆருக்கு நேரம் கிடக்கு?" என்றார். அவர் பகிடிக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

இந்த நிலையில் தைப்பொங்கல் வந்தது. நாங்கள் போகும் கோயில் முன்னொரு காலத்தில் சாமான் களஞ்சியமாக இருந்த கட்டடம். சாமிக்கு உள்ளே இடம் போதும், கார்களுக்குத்தான் வெளியே இடம் போதாது. ஆகவே பெரிய நாட்களில் தொண்டர்கள் நின்று கார்களை ஒழுங்குபடுத்துவார்கள். அது ஆண்களின் வேலை. பெண்களுக்கு மடைப்பள்ளியும் பூவும். அப்படி எங்கும் எழுதி ஒட்டவில்லை, எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வருடம் என் கணவருக்குப் பார்க்கிங் முறை. பொங்கலுக்கு முதல்நாள் வாசலில் உறைந்த பனியில் கொட்டுவதற்கு உப்பு மூட்டையைத் தூக்கப்போய் இடுப்புப் பிடித்துக்கொண்டது. காலையில் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. வேறு ஆளைப் பிடிக்கச் சொல்லி செயலாளருக்குப் போன் பண்ணுவோம் என்றார். அந்த நேரத்தில் ஆர் அகப்படுவார்கள், நானே போகிறேன் என்றேன். அவர் சிரித்தார், சிரித்ததில் இடுப்பு இன்னும் நொந்தது.

ஆள்மாறாட்டம் செய்யும் எண்ணம் எனக்குச் சத்தியமாக இல்லை. வெளியே மூக்கு விழுகிற குளிர். என்னுடைய ஜக்கெற் அலுவலகத்துக்கும் காருக்கும் இடையில் நடப்பதற்கு வாங்கியது. அதனால் அவருடைய கறுப்புப் பெரிய ஜக்கெற், அதற்கு மேல் கோயிலின் செம்மஞ்சள் தொண்டர் அங்கி, அவருடைய கம்பளித் தொப்பி, கண் மட்டும் தெரியும்படி ஸ்காஃப். மச்சாள் சோபாவில் இருந்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நாடகத்துக்குத் திரும்பினார்.

கோயில் வாசலில் செயலாளர் நின்றார். எங்கள் வீட்டில் எத்தனையோ தரம் சாப்பிட்டவர். என் நண்டுக்கறியைப் பற்றி ஒரு மேடையில் பேசியுமிருக்கிறார். அவர் அங்கியைப் பார்த்தார், தன் போனில் பெயர்ப் பட்டியலைப் பார்த்தார், தொண்டர்கள் தங்களுக்குள் பேசும் வோக்கிரோக்கியை என் கையில் தந்தார். "அண்ணை, ரெண்டாம் வாசலை நீங்கள் பாருங்கோ" என்றுவிட்டுப் போனார்.

கூப்பிட்டுத் திருத்தவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு கார் வந்துவிட்டது. கையைக் காட்டினேன். அது நான் காட்டிய இடத்துக்குப் போயிற்று. அடுத்ததும் போயிற்று.

இருபது வருடமாக இந்த நாட்டில் கார் ஓட்டுகிறேன், இவ்வளவு மரியாதை கண்டதில்லை. வழமையாக ஒரு காரில் நாலு பேரும் ஐந்து அபிப்பிராயமும் வருகிற எங்கள் சனம், "ஓம் அண்ணை, சரி அண்ணை" என்று கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டுப் போனது. ஒரே இடத்துக்கு மூக்கை நீட்டிய இரண்டு வெள்ளை வான்காரர்கள் இறங்கிச் சண்டை பிடிக்கப் பார்த்தார்கள். நான் நடுவில் போய் நின்று ஒருவரைக் கையால் பின்னுக்குக் காட்டினேன். அவர் பின்னுக்கு எடுத்தார். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்கு வாசலோரமாக ஓர் இடம் பிடித்துக் கொடுத்தேன், "தாங்க்யூ அங்கிள்" என்றாள். மனைவி சேலை உடுத்து முடிக்காததால்தான் பிந்தியது என்று ஒருவர் என்னிடம் முறையிட்டார். பொம்பிளைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே அண்ணை என்றார். தெரியும் என்றேன். குளிரில் என் குரல் கட்டிப்போயிருந்தது, அதுவும் உதவியிருக்கும். தமிழும் உதவியது. 'வாறன்' 'போறன்' என்று தன்னைப் பற்றிச் சொல்லும்போது ஆணா பெண்ணா என்று சொல்லத் தேவையில்லாத பாஷை அல்லவா?

பூசை முடியும் நேரம் யாரோ ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்கள். ஸ்காஃபை இறக்காமல் தேத்தண்ணி குடிக்க முடியாது. இறக்கினேன், தொப்பியும் கூடவே வந்துவிட்டது. நாடகத்தில் போல என் தலைமயிர் காற்றில் விரியவில்லை. பாதி நெற்றியிலும் பாதி ஜக்கெற்றிலும் ஒட்டிக்கொண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்துக் காரோடு உள்ளே வந்தவர் நான் காட்டிய இடத்தைப் பார்த்து, அது சரிவராது அக்கா, நான் இங்கை விடுறன் என்று வழியை மறித்து நிறுத்தினார். அவருக்குப் பின்னால் வந்தவர், காரைப் பின்னுக்கு எடுப்பது எப்படி என்று எனக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார். சத்தம் கேட்டு ஓடிவந்த செயலாளர் திடுக்கிட்டார். "அன்ரி, நீங்களோ? உந்தக் குளிருக்குள்ளை ஏன் நிக்கிறியள்? உள்ளை போங்கோ, மடைப்பள்ளியிலை ஆள் காணாது." வோக்கியை மெதுவாக என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

மடைப்பள்ளிக்குப் போனேன். அங்கே என் கையில் கரண்டி ஒன்று தந்தார்கள். சூப் இல்லை, சாம்பார். அந்த இடத்தில்தான் எனக்கு ஞானம் வந்தது. சீன நாடகம் எழுதுகிறவர்களை நான் குறைவாக எடைபோட்டிருந்தேன். அவர்கள் எங்கள் கோயிலுக்கு வந்து பார்த்துத்தான் எழுதியிருக்கவேண்டும்.

வெளியே பொருளாளர் ரெண்டாம் வாசலைப் பொறுப்பெடுத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் ஹோர்ன் சத்தம் மேளத்தை மிஞ்சியது. ஐயருடைய கார் உள்ளே மாட்டிக்கொண்டது. செயலாளர் வியர்க்க வியர்க்க மடைப்பள்ளிக்கு வந்து, வீட்டுக்குப் போன் எடுத்து என் கணவரிடம் ஒரு விஷயம் கேட்கச் சொன்னார்: காலையில் அவர் கார்களை எப்படி அடுக்கினவர்?

"காலமை நிண்டதும் நான்தான் தம்பி."

அவர் என்னைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தார். "இல்லை அன்ரி, காலமை அண்ணை வடிவாச் செய்தவர். நீங்கள் மாறி நிண்டாப் பிறகுதான் கொஞ்சம் குழம்பிப்போச்சு."

கரண்டியைச் சாம்பாரிலேயே விட்டுவிட்டு வெளியே போனேன். கார்களை எடுப்பித்தேன், ஒவ்வொருவரோடும் வாதாடி. காலையில் ஒரு கையசைப்பில் முடிந்த காரியத்துக்கு இப்போது விளக்கவுரை தேவைப்பட்டது. வீட்டுக்கு வந்து மச்சாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாடகத்தில் கண் தெரியாதோ என்று கேட்ட ஆள் நீர்தானே என்றார். அன்றைக்கு அவர் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. அடுத்த மாதம் தொண்டர்களைக் கௌரவித்தார்கள், பார்க்கிங்குக்காக என் கணவருக்குப் பொன்னாடை. தான் மேடைக்குப் போகப்போவதில்லை என்றார் இவர். போய் உள்ளதைச் சொல்லும் என்று மச்சாள் சொல்ல, போனார். மைக்கைப் பிடித்து, நான் அன்றைக்குக் கட்டிலில் கிடந்தனான், முழுக்கச் செய்தது என்ரை மனுசி என்று ஒழுங்காகவே சொன்னார். சபை சிரித்தது, பிறகு பலமாகக் கை தட்டியது. பெண்சாதியை விட்டுக்கொடுக்காத மனிதர் என்று எனக்குப் பின்வரிசையில் ஒரு பெண் உருகினாள். நீங்கள் குடுத்துவைத்தவர் என்று என் தோளைத் தொட்டும் சொன்னாள். இவர் திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்தார். முகம் சிவந்திருந்தது. பொன்னாடையைச் சுருட்டி என் மடியில் வைத்தார். எனக்குக் கோபம் அவரில் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

பங்குனி உத்தரத்துக்குப் பார்க்கிங்கில் என் பெயரைப் போடச் சொல்லி நானே செயலாளரிடம் கேட்டேன். தலையைச் சொறிந்துவிட்டு, அண்ணைக்கு உதவி என்று போட்டார். அண்ணை அன்றைக்கு வேண்டுமென்றே வீட்டில் நின்றுவிட்டார். நான் என் சொந்த ஜக்கெற்றில், தொப்பியும் ஸ்காஃபும் இல்லாமல் போய் நின்றேன். முதலில் வந்தவர் கண்ணாடியை இறக்கி, அண்ணைமார் ஒருவரும் இல்லையோ என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பின்னால் ஹோர்ன் அடித்ததும் நான் காட்டிய இடத்தில் விட்டார். அன்று காலை முழுவதும் இப்படித்தான், ஒவ்வொரு காருக்கும் ஒரு சின்ன வழக்கு. மத்தியானமாகும்போது சனம் களைத்துப்போனது. யாரோ ஒருவர், "அன்ரி, எங்கை விட?" என்று கேட்டுவிட்டு நான் சொல்லும்வரை காத்துக்கொண்டிருந்தார். வெயில் இருந்தது, ஆனாலும் என் காது இரண்டும் விறைத்துப்போயிருந்தன.