புல்லின் மேல் கொட்டிய மண்

குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பழைய நீர்த்தேக்கத்தை நாலடி உயர்த்திக் கட்டியவன் நான் என்று என் பிள்ளைகள் பெருமையாகச் சொல்வார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். அந்த வெட்கக்கேட்டை யாரிடமும் சொல்லாமலே இத்தனை காலம் ஓட்டிவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஓவர்சியர் அப்போது நான். கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். தலைக்கனம் அதைவிடக் கூட. வெயில் மாதங்களில் ரப்பர் ஆலைக்குத் தண்ணீர் போதவில்லை என்று தேக்கத்தை உயர்த்தச் சொன்னார்கள். நாலடித் தண்ணீர் ஏறினால் பழைய கரை தாங்காது. உயரத்தோடு வெளிச்சரிவையும் அகலமாக்க வேண்டும். பழைய மண்ணோடு புது மண்ணை ஒட்டவைப்பதுதான் பெரிய பாடு. புல்லைச் செதுக்கி, சரிவைப் படிபடியாக வெட்டி, புது மண்ணை அரையடி அரையடியாகப் பரப்பி, நனைத்து, திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். இஞ்சினியர் துரை தந்த வரைபடத்திலேயே அந்தப் படிகள் இருந்தன.

மழைக்கு முன் முடித்துவிடுவேன் என்று துரையிடம் வீராப்புப் பேசியிருந்தேன். நாள் போதவில்லை. கிழக்குக் கோடியில் மட்டும் புல்லின் மேலேயே மண்ணைக் கொட்டச் சொன்னேன்.

மண் சுமந்த பெண்களில் மூத்தவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

“ஐயா, புல்லு மேல கொட்டுனா மண்ணு பிடிக்காதுங்க. எங்க ஊரு ஏரிக்கரையில படி வெட்டித்தான் கொட்டுவாங்க.”

“உன்னை ஆர் கேட்டது? கூடையைத் தூக்கு” என்றேன்.

மழை பிடித்த மூன்றாம் நாள் காலை கிழக்குக் கோடி சரிந்து கிடந்தது. தேக்கம் நிரம்பாததால் உயிர்ச்சேதம் இல்லை. துரை வந்து தடியால் கிளறினார். மண்ணுக்கடியில் புல் மஞ்சளித்துப் படுத்திருந்தது. இது யார் வேலை என்று கேட்டார். அந்தப் பெண்கள் பத்தடி தள்ளி நின்றார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது.

புல்லைச் செதுக்கத்தான் சொன்னேன், நான் சொன்னேன் என்று இங்கிலீஷில் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். இவர்கள் சோம்பேறிகள், நான் இல்லாத நேரம் பார்த்துக் கொட்டிவிட்டார்கள், அந்த மூத்தவள்தான் காரணம் என்றேன். குரலை உயர்த்தாமல், வெகுநேரம், பணிவாகப் பேசினேன். அந்தப் பெண்கள் அவ்வளவு பேரின் பேரையும் வேலைப் பதிவிலிருந்து வெட்டச் சொல்லிவிட்டார் துரை.

பேர் வெட்டினால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். மூத்தவளின் புருஷன் அந்த வீட்டில் காய்ச்சலில் படுத்திருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் துரையின் உத்தரவைத் தமிழில் சொன்னேன். அதற்கு முன் நான் பேசியதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை, தலையில் மூட்டையோடு அவள் கரைக்கு வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. மூட்டையை இறக்கிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“எங்களுக்காக அவ்வளவு நேரம் பேசுனீங்களே ஐயா. நெஞ்சத் தொட்டு, தப்பு உங்க மேலன்னு சொல்லியும் துரை கேக்கல. நீங்க என்ன செய்வீங்க.”

துரையின் பங்களா கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அவரும் உள்ளேதான் இருந்தார்.

“அதுக்கென்ன, போயிட்டு வா” என்றேன்.